"செயின் எஞ்சின், பயமில்லை" என்று சொன்னால் ஒயில் பில்லைக் கேளுங்கள்

பாவித்த டீசல் வாகனம் வாங்கப் போகும் எல்லோருக்கும் கேட்கக் கிடைக்கும் ஒரு வசனம் இருக்கிறது. "இது பெல்ட் இல்ல சேர், செயின். லைஃப் டைம். கை வைக்கவே தேவையில்ல." விற்பவர் சொல்வார், புரோக்கர் சொல்வார், சில நேரம் நம்மோடு பார்க்க வந்த நண்பரும் சொல்வார். இந்த வசனத்தில் பாதி உண்மை. மற்றப் பாதிக்குத்தான் நம்மில் பலர் லீசிங்கும் கட்டி, கராஜுக்கும் கட்டுகிறோம்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. ஏறத்தாழ ஐந்து வருடங்கள் நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கை மாறிக் கை மாறி ஓடின. ஓட்டம் கூடியது, வயது கூடியது, விலையும் கூடியது. இடையில் 2022 வந்தது. ஒயில் விலை ஏறிய அந்த நாட்களில் எந்த வண்டியின் சேர்விஸ் தள்ளிப்போடப்பட்டது என்பது பெயின்டைப் பார்த்துத் தெரியாது. செயினைப் பார்த்தால்தான் தெரியும். செயினோ வெளியில் தெரிவதில்லை.

முதலில் இந்தச் செயின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்தக் கணக்குப் பிசகாமல் இரண்டையும் கட்டி வைத்திருப்பது டைமிங் செயின். பிஸ்டன் மேலே வரும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். டீசலில் அமுக்கம் அதிகம் என்பதால் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையில் விடப்படும் இடம் மிகக் குறைவு. செயின் அறுந்தால், அல்லது சில பல் தாண்டினால், இரண்டும் மோதும். வால்வு வளையும், சில நேரம் பிஸ்டனும் ஹெட்டும் போகும். ரோட்டோரத்தில் நிறுத்தி மாற்றிக்கொண்டு போகிற பழுது அல்ல இது.

"செயின் இழுபட்டுப் போச்சு" என்று சொல்கிறோம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியின் ஊசியும் அதன் துளையும் தேய்கின்றன. நூறு கண்ணி உள்ள ஒரு செயினில் ஒவ்வொரு மூட்டும் 0.05 மில்லிமீற்றர் தேய்ந்தால் மொத்த நீளம் 5 மில்லிமீற்றர் கூடிவிடும். அந்தத் தளர்வை டென்ஷனர் தள்ளிப் பிடிக்கும். அநேகமான எஞ்சின்களில் அந்த டென்ஷனர் வேலை செய்வது எஞ்சின் ஒயிலின் அமுக்கத்தில். செயினுக்கு வழிகாட்டும் கைட்களில் பிளாஸ்டிக் இருக்கிறது. ஆக, செயினின் ஆயுள் ஒயிலின் ஆயுள்தான். டீசல் எஞ்சினின் ஒயிலில் கரி சேரும். கரி சேர்ந்த ஒயிலை மாற்றாமல் ஓடினால், அது நுண்ணிய அரத்தூள் போல அதே ஊசிகளைத் தேய்க்கும்.

அப்படியானால் "லைஃப் டைம்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? பழைய மெர்சிடீஸ் டீசல்களில் இருந்து என்று சொல்லலாம். டபிள்யூ123 காலத்து 240டி, 300டி எஞ்சின்களில் இரட்டை வரிசைச் செயின் இருந்தது. தடித்த செயின், மெதுவாகச் சுற்றும் எஞ்சின், அடிக்கடி ஒயில் மாற்றும் பழக்கம். அவை இலட்சக்கணக்கான கிலோமீற்றர் ஓடின. நமது வாப்பாமார் சொன்னது அந்த வண்டிகளைப் பற்றி. அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கொண்டுவந்து இன்றைய எல்லாச் செயினுக்கும் ஒட்டுவதுதான் பிழை.

பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் எஞ்சினைப் பாருங்கள். 2007 இல் வந்தது. 320டி, 520டி என்று நமது வீதிகளிலும் பார்க்கிறோம். இதன் செயின் எஞ்சினின் முன்பக்கத்தில் இல்லை, கியர்பொக்ஸ் பக்கம் பின்னால் இருக்கிறது. குறிப்பாக 2011க்கு முந்தியவற்றில் செயின் காலத்துக்கு முந்தித் தேய்ந்து அறுவது பல நாடுகளிலும் பேசப்பட்ட குறை. மாற்றுவதென்றால் கியர்பொக்ஸை இறக்க வேண்டும், அல்லது எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். செயினின் விலை சிறிது, அதை அடையும் கூலி பெரிது.

நிஸானின் வைடி25 இன்னொரு உதாரணம். நவாரா, பாத்ஃபைண்டர் வண்டிகளில் 2005 முதல் வந்த ஒற்றை வரிசைச் செயின்கள் தேய்ந்து சத்தம் போடுவது தெரிந்த விடயம். அதற்கு இரட்டை வரிசைச் செயின் கிட் வந்து, பலர் அதையே போடுகிறார்கள். அப்படியான வண்டி பார்க்கும்போது கேட்க வேண்டியது "செயினா பெல்ட்டா" என்பதல்ல. "செயின் மாற்றியதா, எப்போது, பில் எங்கே" என்பது.

மறுபக்கம் நமது கேடிஎச் வேனைப் பாருங்கள். அதன் 1கேடி, 2கேடி எஞ்சின்களில் இருப்பது டைமிங் பெல்ட். தவணை நெருங்கினால் டாஷ்போட்டில் டி-பெல்ட் லைட் எரிந்து சொல்லும். செலவு முன்கூட்டியே தெரியும், திட்டம் போடலாம். பிறகு வந்த 1ஜிடி எஞ்சினில் செயின் வந்துவிட்டது. பெல்ட் நல்லது, செயின் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. கவனிக்காத பெல்ட்டும் அறுந்து எஞ்சினைக் கொல்லும். பெல்ட்டுக்கு ஒரு திகதி இருக்கிறது, செயினுக்கு அது இல்லை. திகதி இல்லாத பொருளைத்தான் விற்பவர் "முடிவே இல்லாத பொருள்" என்று விற்கிறார்.

"நல்ல மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் போதாதா?" என்று கேட்கலாம். கூட்டிக்கொண்டு போங்கள், கட்டாயம். ஆனால் கவரைக் கழற்றாமல் செயினை அவரும் காண முடியாது. அவருக்கு இருப்பது காதும் ஸ்கேனரும் மட்டும். ஆகவே அவருக்கு வேலை செய்ய வாய்ப்புக் கொடுங்கள்:

1. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லுங்கள். நீங்கள் போகும்போது பொனட் சூடாக இருந்தால் திரும்பி வாருங்கள், மறுநாள் காலையில் போங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் சில வினாடி கடகடவென்று கேட்பது முக்கியமான அறிகுறி. சூடான எஞ்சின் அதை மறைத்துவிடும்.

2. ஒயில் எந்தத் தடிப்பு என்று கேளுங்கள். கம்பனி சொன்னதை விடத் தடித்த ஒயில் ஊற்றிச் சத்தத்தைக் குறைப்பது பழைய வித்தை.

3. ஸ்கேனரில் கிராங்க், கேம் ஒத்துப்போகவில்லை என்ற பி0016 போன்ற கோட் வருகிறதா என்று பாருங்கள். ஸ்கேன் பண்ணுவதற்குச் சற்று முன்னர் கோட் அழிக்கப்பட்டிருக்கலாம். ஓட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு முறை ஸ்கேன் பண்ணுங்கள்.

4. மீற்றரை நம்பாதீர்கள். மீற்றர் பின்னால் சுற்றும், ஒயில் பில்களின் வரிசை அவ்வளவு இலகுவில் பின்னால் சுற்றாது.

நமது கருத்து இதுதான்: பாவித்த டீசல் வாகனத்தின் விலையில் பெயின்டுக்கும் அலோய் வீலுக்கும் கொடுக்கும் மதிப்பை விட, ஒழுங்கான ஒயில் பில் கட்டுக்கு நாம் அதிகம் கொடுக்கப் பழக வேண்டும். வாங்குபவர் கேட்காத வரை விற்பவர் வைத்திருக்க மாட்டார். இன்று பில் வைத்திருப்பவருக்கும் வைத்திருக்காதவருக்கும் சந்தையில் ஒரே விலை. அது நேர்மையாகப் பராமரித்தவருக்கு நாம் செய்யும் அநியாயம்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலையில் கடகடக்கும் என்று தெரிந்தும், வாங்குபவர் வரமுன் எஞ்சினைச் சூடாக்கி வைப்பது கெட்டித்தனமல்ல. குறையை மறைத்து விற்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே படித்தவர்கள் நாம். "செயின் சத்தம் இருக்கு, விலையைக் குறைச்சுத் தாறன்" என்று சொல்லி விற்றால் இரண்டு பேரும் நிம்மதியாக உறங்கலாம். கார் சேல்காரர்கள் விற்பனைக் கடிதத்தில் "செயின் மாற்றப்பட்டது / மாற்றப்படவில்லை / தெரியாது" என்று ஒரு வரி எழுதினால் அவர்களுக்கு எதுவும் குறையாது. "தெரியாது" என்பதும் நேர்மையான பதில்தான்.

நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரருக்கு வாகனம் ஒரு ஆடம்பரமல்ல. ஸ்கூலுக்கு, உம்மாவை ஆஸ்பத்திரிக்கு, பின்னேர வகுப்புக்கு, சிலருக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் உபதொழிலுக்கு. நான்கு ஐந்து வருட லீசிங்கில் எடுத்த வேனின் எஞ்சின் ஆறாம் மாதம் போனால், தவணை நிற்காது, வண்டிதான் நிற்கும். பஞ்சிகாவத்தையில் பாவித்த எஞ்சின் தேடி அலையும்போது "லைஃப் டைம்" என்று சொன்னவரின் போன் வேலை செய்யாது.

ஏற்கெனவே செயின் வண்டி வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். நல்ல ஒயிலைச் சரியான தரத்தில் போடுங்கள், புத்தகத்தில் உள்ள தவணையைக் கடக்க விடாதீர்கள், நமது வெயிலுக்கும் நெரிசலுக்கும் கொஞ்சம் முந்தியே மாற்றினாலும் நட்டமில்லை. பில்லை ஃபைலில் போடுங்கள். நாளை விற்கும்போது அந்த ஃபைல் பேசும்.

உங்கள் வண்டியில் செயின் மாற்றியிருந்தால், எந்த எஞ்சின், எத்தனை கிலோமீற்றரில், எவ்வளவு செலவு என்று கீழே எழுதுங்கள். அடுத்த வாரம் வண்டி பார்க்கப் போகும் யாரோ ஒரு சேருக்கு, டீச்சருக்கு அது உதவும், இன்ஷா அல்லாஹ்.