பூக்களை மட்டும் கண்டு திரும்புவோருக்கு

அண்மைக் காலமாகத் தமிழில் பயணக் கட்டுரைகள் பெருகிவிட்டன. அவற்றுள் ஒரு வகையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். வசந்த காலத்தில் நெதர்லாந்தின் ஆறுகளில் ஒரு வாரம் சொகுசுக் கப்பலில் மிதந்து, பழம்பெரும் நகரங்களையும் துலிப் தோட்டங்களையும் கண்டு திரும்பியோர் எழுதும் கட்டுரைகள் அவை. ஒன்றைப் படித்தால் போதும், மற்றவற்றையும் படித்ததாகவே கொள்ளலாம். ஆம்ஸ்டர்டாமில் ஏறுவார்கள். ஹோர்னில் இறங்கிப் பாலாடைக்கட்டி சுவைப்பார்கள். கிண்டர்டைக்கில் காற்றாலைகளின் முன் படம் எடுத்துக்கொள்வார்கள். கூக்கன்ஹாஃப் தோட்டத்தில் வண்ணங்களைக் கண்டு சொல்லிழந்து நிற்பார்கள். சொல்லிழந்த பின் பத்துப் பக்கம் எழுதுவார்கள்.

சென்ற ஏப்ரலில் எங்களில் மூவர் அதே வழியில் போய்வந்தோம். ஆகவே இது பொறாமையில் எழுதியது என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை. பூக்கள் அழகாகவே இருந்தன. எங்கள் வழக்கு பூக்களோடு அன்று, அவற்றைப் பற்றி எழுதப்படும் தமிழோடுதான்.

ஆற்றுப்படை என்றொரு மரபு நமக்கு உண்டு. பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்படும் வறிய பாணனுக்கு வழி சொல்வான். அந்த வழியில் எவர் வாழ்கிறார், என்ன உண்கிறார், என்ன தொழில் செய்கிறார் என்பதெல்லாம் அதில் வரும். இன்றைய கட்டுரையாளர்களும் ஆற்றுப்படைதான் பாடுகிறார்கள், கப்பல் நிறுவனத்தைப் புரவலராகக் கொண்டு. ஒரே வேறுபாடு, பழைய பாணன் பரிசில் வாங்கிக்கொண்டு பாடினான், இவர்கள் கட்டணம் செலுத்திவிட்டுப் பாடுகிறார்கள். வழியில் வாழும் மனிதர் மட்டும் பாட்டில் இல்லை.

முதலில் தோட்டத்தையே பார்ப்போம். கூக்கன்ஹாஃபை 'இயற்கை அன்னையின் கொடை' என்கிறார்கள். 1949இல் கிழங்கு வளர்ப்போரும் ஏற்றுமதியாளரும் கூடித் தம் சரக்கைக் காட்சிக்கு வைக்கத் தொடங்கிய இடம் அது. 1950இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 32 ஹெக்டேர் நிலத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 70 இலட்சம் கிழங்குகளைக் கையால் நட்டு, எட்டு வாரம் காட்சிக்கு வைத்து, பிறகு தோண்டி எடுத்துவிடுகிறார்கள். வெளியே, கிழங்குக்காகப் பயிரிடும் வயல்களில் பூத்த சில நாட்களில் மலர்களின் தலையைக் கொய்துவிடுவார்கள். மலருக்குச் செல்லும் சத்து கிழங்குக்குச் சேர வேண்டும், விற்பனைக்குரியது கிழங்கு. 'அந்நியன்' (2005) பாடற்காட்சியில் அந்த வண்ணங்களைக் கண்டு மயங்கிய நமக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை. தெரிந்தால் அழகு குறையுமா? எங்களுக்குக் குறையவில்லை. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் அந்நாட்டு மக்கள் இதே துலிப் கிழங்குகளை அவித்துத் தின்று உயிர் தாங்கினார்கள். அதை மறக்காமலேயே அவர்கள் அந்தப் பூவை நேசிக்கிறார்கள்.

பூவுக்கே இப்படியொரு கணக்கு உண்டென்றால், நகரங்களுக்கு எப்படி இல்லாதுபோகும்? அந்த ஒய்யார வீடுகளைக் கட்ட எங்கிருந்து பணம் வந்தது? 'வணிகத்தால் செழித்த பொற்காலம்' என்று கையேட்டு வாசகத்தையே தமிழாக்கி நகர்ந்துவிடுகிறார்கள் நம் கட்டுரையாளர்கள். அந்த வணிகத்தின் ஒரு முனை நம் கரையில் இருந்தது என்பதே எங்கள் சினத்துக்குக் காரணம்.

ஹோர்ன் நகரச் சதுக்கத்தில் 1893இல் நிறுவிய சிலையொன்று உண்டு. அவ்வூரில் பிறந்த யான் பீட்டர்ஸோன் கூன் என்பவருடையது. டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் தலைமை ஆளுநராக 1619இல் பட்டாவியாவை, அதாவது இன்றைய ஜகார்த்தாவை, நிறுவியவர். 1621இல் சாதிக்காய்க்காகப் பண்டா தீவுகளின் மக்களை அழித்தவரும் இவரே. ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்த அத்தீவுகளில் மிகச் சிலரே எஞ்சினர் என்பது வரலாற்றாசிரியர் மதிப்பீடு. 2011இல் பாரந்தூக்கி மோதிச் சிலை கீழே விழுந்தது. அதை மீண்டும் நிறுத்தியபோது, அம்மனிதரின் கொடுமைகளையும் சொல்லும் புதிய வாசகத்தை 2012இல் பொறித்தார்கள். எங்கள் கப்பலில் வந்த தமிழர் சிலர் அச்சிலையின் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வாசகத்தைப் படித்தவர் எவருமிலர்.

படித்திருந்தால் நம் கதையின் நுனி கையில் கிடைத்திருக்கும். அந்நிறுவனம் சாதிக்காயும் கிராம்பும் வாங்கக் கொடுத்த பண்டமாற்றுப் பொருளில் முதன்மையானது சோழமண்டலக் கரையின் துணி. அதற்காகவே 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினார்கள். 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பறித்தார்கள். துணியோடு மனிதரும் ஏற்றுமதியாயினர். பட்டாவியாவுக்குக் கைகள் தேவைப்பட்டன. தஞ்சைப் பகுதியைப் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து வாட்டிய 1659-61 ஆண்டுகளில், பிடி அரிசிக்காகத் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டோரை ஆயிரக்கணக்கில் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். வாங்கியவன் டச்சுக்காரன். பிடித்துக் கொடுத்த தரகரில் உள்ளூராரும் இருந்தனர். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால்தான் போலும் நாம் எதையுமே சொல்வதில்லை.

'விடுமுறைக்குப் போனவரிடம் வரலாறு கேட்பது முறையா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். போனவரிடம் கேட்கவில்லை. அவர் பாலாடைக்கட்டியைத் தின்று மகிழ்ந்து நலமாகத் திரும்பட்டும். எழுதுபவரிடம் கேட்கிறோம். எழுத்து என்று ஒன்றைத் தமிழில் வைக்கும்போது, தமிழில் இல்லாத ஏதேனும் ஒன்றை அதில் கொண்டுவர வேண்டாமா? 'உலகம் சுற்றும் தமிழன்' எழுதிய ஏ. கே. செட்டியார் போன இடங்களிலெல்லாம் அங்கே வாழ்ந்த தமிழரின் நிலையைத் தேடிச் சென்று கண்டார். அவர் காலத்தில் பயணம் அரிது, செய்தி பெறுவது அதனினும் அரிது. இன்று இரண்டும் எளிதாகிவிட்டன, எழுத்துதான் அரிதாகிவிட்டது.

பழி தூற்றும் கட்டுரைகளை நாங்கள் கேட்பதாகவும் எவரும் கொள்ள வேண்டாம். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பால்டேயுஸ் என்ற டச்சுப் பாதிரியாரின் நூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியானது. நம் எழுத்துகள் அதில் அச்சேறின. துணி வாங்கி, மனிதரை விற்ற அதே நகரம் நம் எழுத்தையும் அச்சிட்டது. இரண்டையும் ஒருசேரக் காணத் தெரிந்தவரே அந்நகரைக் கண்டவர். அந்நாட்டவர் காணத் தொடங்கிவிட்டார்கள். அடிமை வணிகத்தில் தம் நகரத்துக்கு இருந்த பங்குக்காக 2021இல் ஆம்ஸ்டர்டாம் மேயர் மன்னிப்புக் கேட்டார். 2022இல் பிரதமரும் 2023இல் அரசரும் கேட்டார்கள். கேட்டது யாரிடம்? விற்கப்பட்டோரின் ஊர்க்காரர்களிடமுந்தான். நாமோ அப்போதும் துலிப்பின் நிறங்களை எண்ணிக்கொண்டிருந்தோம்.

கப்பலேற வசதியில்லாதோர் சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. சென்று பழவேற்காட்டைப் பார்க்கலாம். அங்குள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே வணிகருக்கும் அதிகாரிகளுக்கும் பெயரும் ஆண்டும் பொறித்த கற்கள். அக்கரையிலிருந்து விற்கப்பட்டோருக்கு அங்கே ஒரு கல்கூட இல்லை. கல் நடுவது அரசின் வேலையாக இருக்கலாம். எழுதுவது நம் வேலை. அடுத்த வசந்தத்தில் கப்பலேறப் போகும் எழுத்தாளர்கள், பத்துப் பக்கத்தில் ஒன்பதைப் பூக்களுக்கே கொடுக்கட்டும். ஒன்றை அவர்களுக்காக ஒதுக்கிவைத்தால் போதும்.