பத்திரத்தில் ஒரு வரி

எங்கள் தெருக்கோடியில் ஓர் ஆயா இருக்கிறார். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் கம்பெனிகள் வந்து மனை விலை ஏறியதும், பிள்ளை கேட்டான் என்று வீட்டை அவன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது அதே வீட்டின் திண்ணையில் படுக்கை. "சோறு போடறாங்க கண்ணு. மருந்து வாங்கத்தான் காசு கேக்க முடியல" என்றார்.

முதியோர் பென்ஷனுக்கு எழுதிப் போடலாமே என்றேன். 1962-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கி, 2023-ல் 1200 ரூபாயான உதவி அது. "அது ஆதரவு இல்லாதவங்களுக்கு. எனக்குத்தான் பிள்ளை இருக்கானே!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிள்ளை இருந்தும் தவிப்பவர்களுக்காகவே 2007-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது, சகோதரிகளே. அறுபது வயதானவர் ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம். நம் பக்கத்துக்குப் பொன்னேரி. வக்கீல் வைக்க வேண்டியதில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கொடுக்கும்படி பிள்ளைகளுக்கு உத்தரவிடலாம். வழி கேட்க 14567 என்ற இலவச எண்ணும் உண்டு. ஆயாவிடம் சொல்லியிருக்கிறேன், யோசிக்கிறார்.

வீட்டைத் திரும்பப் பெறவும் அதில் 23-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் "என்னைக் கடைசி வரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருந்தால்தான் அது செல்லும் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. பின்னால் சில தீர்ப்புகள் தாராளமாகப் பார்த்தாலும், அந்த ஒரு வரி இருந்துவிட்டால் வழக்காடும் அலைச்சல் பாதி குறையும். ஆயாவின் பத்திரத்தில் அந்த வரி இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் மாமியாரும் எங்கள் பேருக்கு வீட்டை எழுதப் போகிறார். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னது நான்தான். என் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்மேல நம்பிக்கை இல்லையாம்மா?" என்றார்.

மாமியார் நிதானமாகச் சொன்னார்: "நம்பிக்கை இருக்கறப்பவே எழுதிடணும்டா. அப்பத்தான் அது பத்திரம்."

உங்கள் வீட்டிலும் எழுதும்முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். நமக்கும் வயசாகப் போகிறதே!