நாற்காலிகள் பெருகும் பள்ளிவாசல்கள்

நம் கிராமத்துப் பள்ளிவாசல்களில் ஆண்டுக்கு ஆண்டு நாற்காலிகள் பெருகி வருகின்றன. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்பது மார்க்கம் வழங்கிய சலுகை. அதைப் பயன்படுத்துவோரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், அறுபதைக் கடந்தவுடன் இத்தனை பேர் ஸஜ்தாவிலிருந்து எழ இயலாமற்போவது ஏன் என்று ஜமாஅத் சிந்திக்க வேண்டாமா?

முழங்கால் தேய்மானம் ஒரு காரணம். பலரும் அறியாத மற்றொரு காரணம் தசைநலிவு. உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்பவை தசைகளே. தசை குறைந்தால் இரத்தத்தில் சர்க்கரை உயர்கிறது. கட்டுப்படாத சர்க்கரையோ தசையை மேலும் கரைக்கிறது.

"கிராமத்தாருக்கு இந்நோய் வராது" என்ற காலம் கடந்துவிட்டது. வயல் வேலையை இயந்திரங்கள் ஏற்றுக்கொண்டன. கடைத்தெருவுக்குச் செல்லவும் மோட்டார் சைக்கிள் வேண்டியிருக்கிறது. மூன்று வேளையும் அரிசியே உணவு. நோய் கண்டபின் பலர் பத்தியம் என்ற பெயரில் மீனையும் முட்டையையும் பயறையும் சேர்த்தே ஒதுக்குகின்றனர். தசையை வளர்க்கும் புரதம் இவ்வாறு தட்டிலிருந்து மறைகிறது. உடல் மெலிவதைக் கண்டு, நோய் குறைகிறது என்று மகிழ்வோரும் உண்டு. குறைவது தசையாகவும் இருக்கலாம்.

கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால், அது எச்சரிக்கை என ஆசிய மருத்துவ வல்லுநர் குழு 2019இல் வரையறுத்தது. இதை வீட்டிலேயே, துணைக்கு ஒருவரை நிறுத்திக்கொண்டு சோதிக்கலாம்.

தொழுகை வணக்கமே, அதை உடற்பயிற்சியாகச் சுருக்குவது முறையன்று. ஆனால் வணக்கத்திற்கு உடல் வலிமை தேவை. உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். ஃபஜ்ருக்குப் பின் முதியோரைக் கூட்டி நடப்பதும், வாரம் இரு நாளாவது கால் தசைகளுக்குப் பயிற்சி அளிப்பதும் ஜமாஅத்தால் இயலாத காரியங்களல்ல. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இல்லம் தேடி வரும் இயன்முறை மருத்துவச் சேவையும் உண்டு. அதைக் கேட்டுப் பெறலாம். சிறுநீரகப் பாதிப்புள்ளோர் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டறிவது அவசியம்.

ஆண்களின் தளர்ச்சியையேனும் நாற்காலிகள் காட்டிக்கொடுக்கின்றன. வீட்டு மூலையில் அமர்ந்து தொழும் நம் தாய்மார்களின் தளர்ச்சியை யார் கணக்கெடுப்பது? இன்றிரவு நம் வீட்டிலிருந்தே அக்கணக்கைத் தொடங்குவோம். அல்லாஹ் நம் முதியோருக்கு ஆஃபியத்தை அருள்வானாக. ஆமீன்.