இரு வீடுகளில் ஒரே பெட்டகம்

முன்னாளில் ஓர் இல்லத்தின் நினைவுகள் யாவும் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கிவிடும். திருமணத்தன்று எடுத்த நிழற்படம், ஞானஸ்நானச் சான்றிதழ், முதல் நற்கருணை பெற்ற பிள்ளை மாலையணிந்து நிற்கும் படம், வெளியூர் சென்ற மகன் எழுதிய கடிதக் கட்டு ஆகியவை அதனுள் இருக்கும். பெட்டி மூத்தவர் இல்லத்தில் இருந்தது. காண விரும்பியோர் அங்கே சென்று கண்டனர். இன்றோ அப்பெட்டி கணினிக்குள் புகுந்துவிட்டது. பெற்றோர் ஓர் ஊரிலும் பிள்ளைகள் வேறோர் ஊரிலுமாக வாழும் நாளில், இரண்டு வீட்டுக் கணினிகளிலும் ஒரே நிழற்படங்களும் ஒரே பாடல்களும் ஒரே காணொளிகளும் இருக்க வேண்டும் என்னும் ஆசை எழுவது இயல்பே. அந்த ஆசையை நிறைவேற்றும் வழியைக் குறித்தும், அவ்வழியில் ஒரு குடும்பம் இடறி விழுந்த இடத்தைக் குறித்தும் இத்திங்கள் வாசகர்களோடு உரையாட விழைகின்றோம்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்பதொரு பகுதி. நாடு என்றதும் சமவெளி வாசகர் வியக்க வேண்டா. சிற்றூர்கள் பல சேர்ந்த தொகுதியை அம்மலையில் நாடு என்றே வழங்குவர். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மலையேறி, அங்கே நமக்கு நெடுநாள் பழக்கமான ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரின் இல்லத்தில் சில நாள் தங்கியிருந்தோம். அவருடைய மகள் சேலத்தில் குடும்பத்தோடு வாழ்கிறார். மலை வீட்டில் ஒரு கணினி, சேலத்து வீட்டில் ஒரு கணினி. இரண்டிலும் உள்ளவற்றை ஒன்றாகவே வைத்திருக்கும் ஒத்திசைவு மென்பொருள் ஒன்றை மகள் நிறுவிக் கொடுத்திருந்தார். ஒரு வீட்டில் ஒரு படத்தைச் சேர்த்தால், இணையத் தொடர்பு கிட்டியவுடன் அது மறு வீட்டிலும் தானே சென்று சேரும். ஓராண்டுக் காலம் யாவும் நன்றாகவே நடந்தன.

ஆசிரியரின் அன்னையார் 2019இல் காலமானார். அதற்கு ஈராண்டுகளுக்கு முன், அவர் களையெடுப்பின்போது பாடும் பாடல்களையும் தாலாட்டையும் பேத்தியாகிய அந்த மகள் கைப்பேசியில் பதிவு செய்திருந்தார். மொத்தம் ஐந்து பதிவுகள். பாட்டியின் குரல் என்று அக்குடும்பத்தில் எஞ்சியவை அவ்வளவே. கணினியில் அவை 'கொல்லிமலைப் பாட்டி' என்னும் கோப்புறையில் இருந்தன. இல்லை, அப்பெயர் கொண்ட இரண்டு கோப்புறைகளில் இருந்தன! ஒரு புள்ளியும் பிசகாமல் ஒரே பெயர். இரண்டும் அடுத்தடுத்து நின்றன. விடுமுறைக்கு மலைக்கு வந்திருந்த பேரன், தாத்தாவுக்கு உதவும் நல்லெண்ணத்தோடு, ஒன்று மற்றதன் நகல் என்று கருதி அதனை நீக்கினான். கணினியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தான். அன்றிரவே அந்த நீக்கம் சேலத்துக்கும் சென்று சேர்ந்தது. மென்பொருள் தன் கடமையில் தவறவில்லை. ஒரு வீட்டில் இல்லாதது மறு வீட்டிலும் இருத்தலாகாது என்பதன்றோ அதற்கு இடப்பட்ட கட்டளை? நீக்கப்பட்ட கோப்புறையில் இருந்த மூன்று பதிவுகள் மற்றதில் இல்லை என்பது பத்து நாள் கழித்தே தெரிய வந்தது. பதிவு செய்த கைப்பேசியும் அதற்குள் மாற்றப்பட்டிருந்தது.

ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் எவ்வாறு இருக்க இயலும் என்று வாசகர் கேட்பர். நாமும் கேட்டோம். விடை 'கொ' என்னும் எழுத்தில் இருந்தது. ஈய அச்செழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவர் கொம்பு, ககரம், கால் என மூன்றையும் தனித்தனியே எடுத்து அடுக்குவார் அல்லவா? இன்று உலகெங்கும் வழங்கும் ஒருங்குறி முறையிலும் அதனை எழுத இரு வழிகள் உண்டு. ககரத்தை அடுத்து ஒகரக் குறியை ஒரே குறியாக இடலாம். அல்லது கொம்பையும் காலையும் இரு குறிகளாக இடலாம். திரையில் தோன்றும் உரு ஒன்றே. கணினியின் உள்ளே எண்கள் வேறு. விண்டோஸ் கணினி தட்டெழுதியவாறே பெயரைக் காக்கிறது. பழைய மேக் கணினிகளோ எல்லாப் பெயர்களையும் பிரித்தே எழுதி வைத்தன. மகள் முன்பு வைத்திருந்த பழைய மேக்கிலிருந்து ஜிப் கட்டாகக் கட்டி எடுத்த கோப்புறை ஒன்று. மலை வீட்டில் தட்டெழுதி உண்டாக்கிய கோப்புறை மற்றொன்று. மனிதக் கண்ணுக்கு அவை ஒன்று, கணினிக்கு இரண்டு. 'கோ' என்பதற்கும் 'கௌ' என்பதற்கும் இதே நிலைதான். கோவையும் கொழும்பும் கோலாலம்பூரும் தம் பெயரில் கோப்புறை வைத்திருக்கும் குடும்பத்தார் இதனைக் கருத்திற்கொள்க. ஒரே பெயரில் இரண்டைக் கண்டால் இரண்டையும் திறந்து பார்க்காமல் ஒன்றைத் தொடுதல் கூடாது.

எழுத்தைப் பழித்துப் பயனில்லை. பேரனைப் பழிப்பதும் தகாது. அச்சிறுவன் இரண்டு நாள் சோறு சரியாக உண்ணவில்லை என்று கேட்டபோது நமக்கே வருத்தமாயிருந்தது. பிழை ஏற்பாட்டில் இருந்தது. அதனை நமக்கு விளக்கியவர் ஆசிரியருமல்லர், கணினி கற்ற மகளுமல்லர். கணினியைத் தொட்டும் அறியாத ஆசிரியரின் துணைவியார்.

அந்த மலையில் சாமை, தினை, கேழ்வரகு முதலியவற்றைச் சேமிக்கும் குதிருக்குத் தொம்பை என்று பெயர். விளைந்ததில் நல்லதைத் தெரிந்து விதைக்கென்று ஒதுக்குவர். அதில் சிறிது உறவினர் வீட்டுக்கும் கொடுத்து வைப்பர். ஓர் ஆண்டு தன் காடு பொய்த்தாலும் தங்கை வீட்டிலிருந்து அதே விதையைத் திரும்பப் பெறலாம். "எங்களுக்கு இதெல்லாம் புதிதில்லைங்க ஐயா" என்றார் அம்மையார். "ஆனால், தங்கை வீட்டு விதையை எலி தின்றுவிட்டதென்று கேட்டு நான் என் தொம்பையை அள்ளிக் கொட்டுவேனா? உங்கள் பெட்டி அதைத்தானே செய்தது?"

நாம் வாய் திறக்கவில்லை. ஒத்திசைவு வேறு, காப்பு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கையேட்டிலும் நாம் கண்டதில்லை. ஒத்திசைவு என்பது இரு வீடுகளையும் ஒன்றுபோல் ஆக்குவது. நன்மை மட்டுமன்றி நாசமும் அதன்வழியே செல்லும். தவறுதலாக நீக்கியதும், பழுதுற்ற கோப்பும், கணினியைப் பூட்டிப் பணம் பறிக்கும் நச்சு நிரலின் வேலையும் மறு வீட்டை நோக்கிப் புறப்படும். காப்பு என்பதோ நேற்று இருந்ததை இன்றைய தவறு தீண்டாதவாறு ஒதுக்கி வைப்பது. முன்னதை நிறுவியவர்கள் பின்னதும் தம்மிடம் இருப்பதாக எண்ணிக்கொள்வதே இல்லங்களில் நாம் காணும் பொதுவான மயக்கம்.

ஆகவே இரண்டு வீட்டாரும் சேர்ப்பதும் நீக்குவதுமாக இருக்கும் இருவழி ஏற்பாட்டை நாம் பரிந்துரைப்பதில்லை. ஒரு வீடு மூலமாகவும் மற்றது பெறும் இடமாகவும் இருப்பது நன்று. 2013இல் வெளிவந்த சிங்க்திங் என்னும் கட்டணமில்லா மென்பொருளில் ஒரு கோப்புறையை அனுப்ப மட்டும் என்றும், மறு வீட்டில் அதனைப் பெற மட்டும் என்றும் அமைக்க இடமுண்டு. மறு வீட்டிலிருந்து வரும் நீக்கத்தையும் மாற்றத்தையும் ஏற்குமுன் பழைய கோப்பைத் தனியே ஒதுக்கி வைக்கும் வசதியும் அதில் இருக்கிறது. ஆனால் அது தானாக இயங்குவதன்று. நாமே தேடிச் சென்று இயக்க வேண்டும். விண்டோஸுடன் வரும் ரோபோகாப்பி என்னும் கட்டளையிலும் எச்சரிக்கை தேவை: அதன் கண்ணாடி முறையில், மூலத்தில் இல்லாதவை யாவும் சேருமிடத்தில் அழிக்கப்படும். திசையை மாற்றி இட்டால் வெற்றுக் கோப்புறை நிறைந்த கோப்புறையை விழுங்கிவிடும்.

கணினியின் கடிகாரத்தையும் பார்த்துக்கொள்க. இரண்டில் எது புதியது என்பதைப் பல மென்பொருள்கள் தேதியைக் கொண்டே தீர்மானிக்கின்றன. உள்ளிருக்கும் சிறு பொத்தான் மின்கலம் தீர்ந்தபின் மின்சாரம் அடிக்கடி நின்றுவரும் வீட்டுக் கணினி பல ஆண்டு பின்னோக்கிப் போய்விடுவதுண்டு. அப்போது புதியது பழையதாகி, பழையது அதன்மேல் எழுதப்படும்.

பாட்டுக் கேட்போருக்கு வேறொரு தொல்லை. பாடல்களைப் பிறழாமல் படியெடுத்திருப்பார்கள். ஆயினும் மறு வீட்டில் பாடல் பெயர் தெரியும், ஒலி வராது. காரணம் இது: ஐட்யூன்ஸ் போன்ற மென்பொருள்கள் பாடல்களை ஓரிடத்திலும், அவற்றின் அட்டவணையை வேறிடத்திலும் வைக்கின்றன. அட்டவணையில் ஒவ்வொரு பாடலுக்கும் முகவரி எழுதப்பட்டிருக்கும். மலை வீட்டில் 'டி' பகுதியிலிருந்த பாடல் சேலத்தில் 'ஈ' பகுதியில் இருந்தால் முகவரி பொய்த்துவிடும். இரு கணினிகளிலும் ஒரே எழுத்துப் பகுதியில் ஒரே பெயருள்ள கோப்புறையில் வைத்தாலே பெரும்பாலும் தொல்லை தீரும். 2009இல் ஐட்யூன்ஸில் வந்த இல்லப் பகிர்வு என்னும் வசதி ஐந்து கணினிகள் வரை பகிர உதவியது. ஆனால் அவை யாவும் ஒரே வீட்டு வலைப்பின்னலில் இருத்தல் வேண்டும். 70 வளைவுகளுக்கு அப்பாலுள்ள மகளுக்கு அதனால் என்ன பயன்?

இணையத்தின் வேகத்தையும் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. 40 கிகாபைட் அளவுள்ள நிழற்படங்களை நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் தடையின்றி அனுப்பினாலும் ஏறத்தாழ 9 மணி நேரம் ஆகும். மலையில் தடையின்றி என்னும் சொல்லை யாரும் உறுதியளிக்கமாட்டார்கள். அதே படங்களை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிப் பேருந்தில் கொண்டு சென்றால் அதற்கு முன்பே வீடு சேர்ந்துவிடலாம். முதல் முறை கையில் கொண்டு சென்று, பின்னர் சேர்வதை மட்டும் இணையத்தில் அனுப்புவதே அறிவுடைமை. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மக்கெராஸும் 1996இல் ஆக்கிய ஆர்சிங்க் என்னும் கருவி ஒரு கோப்பின் மாறிய துண்டுகளை மட்டும் கண்டறிந்து அனுப்பும். நிழற்படமும் பாட்டும் எடுத்தபின் மாறுவதில்லை. அவற்றுக்கு, முன்பே சென்றதை மீண்டும் அனுப்பாமல் விடுவதே அதனால் பெறும் பெரும்பயன். டிஸ்க்கை வாங்கியதும் அது எம்முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பழைய ஃபேட்32 முறையானால் 4 கிகாபைட்டை எட்டும் திருமணக் காணொளி ஏறாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஏறும், விண்டோஸ், மேக் இரண்டும் அதனைப் படிக்கும்.

இரண்டு பிரதி போதாதா என்று ஆசிரியர் நம்மிடம் வினவினார். இரண்டும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருப்பின் அவை ஒன்றே என்றோம். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்னும் மறைநூல் நினைவுக்கு வந்தது. இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் அது, பதினாறே பக்கங்கள். அதன் பிரதியைக் காண இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்துக்குச் செல்ல வேண்டும். இங்கே ஈரமும் கறையானும் செய்தவற்றைக் கடலுக்கப்பால் இருந்த பிரதி அறியாது; அறியாததனாலேயே தப்பியது. கணினிப் பெட்டகத்துக்கும் அவ்வாறு ஒன்றும் அறியாத மூன்றாவது பிரதி ஒன்று வேண்டும். அதனை எந்தக் கணினியோடும் எப்போதும் இணைத்து வைத்தலாகாது.

நிகழ்ந்தவற்றின் எஞ்சிய பகுதியைக் கூறிவிடுகின்றோம். மகள் சேலத்து வீட்டு அலமாரியில் துழாவியபோது 2018ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் படியெடுத்து, பின்பு மறந்தே போன ஹார்ட் டிஸ்க் ஒன்று துணி மடிப்புக்குள் கிடைத்தது. இழந்த மூன்றில் ஒன்று, அந்தத் தாலாட்டு, அதில் இருந்தது. ஏனைய இரண்டும் இல்லை. ஆக ஐந்தில் மூன்று எஞ்சின.

இப்போது மலை வீடு மூலம், சேலம் பெறுமிடம். மூன்றாவது ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அது சேலத்தில் மருமகனின் அண்ணன் வீட்டில் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை, உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் கிறிஸ்துமஸுக்கும், மகளின் கைப்பையில் அது மலையேறும். புதியவை மட்டும் அதில் ஏற்றப்படும், எதுவும் நீக்கப்படுவதில்லை. ஏற்றியபின் பத்துக் கோப்புகளையாவது திறந்து ஓட்டிப் பார்ப்பது பேரனின் பொறுப்பு. தேதியைச் சீட்டில் எழுதி ஒட்டுபவனும் அவனே. நாம் புறப்பட்ட அன்று அவன் முதலில் திறந்தது தாலாட்டைத்தான். அடுப்படியிலிருந்து ஆசிரியரின் துணைவியார், "இன்னும் கொஞ்சம் சத்தமாக வை, கண்ணு" என்றார்.