யாரோட 90ஸ் இது?

மக்களே, ஒரு கேள்வி. சக்திமான், 'ஒளியும் ஒலியும்', பென்சில் விட்டுச் சுத்துற கேசட், மொட்டை மாடியில ஆன்டெனாவைத் திருப்பிக்கிட்டே "இப்ப தெரியுதா?"ன்னு கத்துறது. இதெல்லாம் ரீல்ஸ்ல வந்தா உடனே ஒரு ஹார்ட் போடுறோம். "அந்தக் காலம் திரும்ப வருமா"ன்னு கமென்ட்டும் போடுறோம். நம்ம கிளாஸ்ல முக்கால்வாசிப் பேர் 2000-க்கு அப்புறம் பிறந்தவங்க. நமக்கு அந்தக் காலம் எப்போ வந்துச்சு, திரும்ப வர்றதுக்கு?

கிண்டலுக்குக் கேட்கலை. பிறக்காத காலத்துக்கு ஏங்குறதுல ஒரு தப்பும் இல்லை. என் வாதம் வேற. நாம ஏங்குற அந்த 90ஸ் எல்லா ஊருக்கும் பொதுவானது கிடையாது. கரன்ட், கேபிள், பஸ் எல்லாம் நேரத்துக்கு வந்து சேர்ந்த ஊர்களோட 90ஸ் அது. மத்த ஊர்களோட 90ஸ் எந்த ரீல்லயும் இல்லை. அந்தந்த வீட்டுப் பெரியவங்க ஞாபகத்துல மட்டும்தான் இருக்கு.

எங்க ஊரையே எடுத்துக்கிறேன். கொல்லிமலை, ஆலத்தூர் நாடு. எங்க மலையில ஊர்கள் சேர்ந்த பகுதியை 'நாடு'ன்னுதான் சொல்லுவோம். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, இப்படி. காரவள்ளியிலிருந்து மேல வர 70 கொண்டை ஊசி வளைவு. பைக்ல ரைடு வர்றவங்களுக்கு அது த்ரில். மேல இருக்கிறவங்களுக்கு, எந்தப் பொருளும் லேட்டா வர்றதுக்கு அதுதான் காரணம்.

தேதிகளைப் பாருங்க. சென்னையில தூர்தர்ஷன் தொடங்கினது 1975. சன் டிவி 1993. எங்க வீட்டுக்கு வந்த முதல் டிவி, அரசு கொடுத்த 14 இன்ச் இலவச கலர் டிவி. அந்தத் திட்டம் தொடங்கினதே 2006 செப்டம்பர்லதான். சென்னைக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல 30 வருஷத்துக்கு மேல இருக்கு. காலண்டர்படி எங்க அம்மா அசல் 90ஸ் கிட். ஆனா சக்திமான்னு சொன்னா, "அது யாரு?"ன்னு கேட்பாங்க.

அவங்களுக்கு நினைவுன்னா ரேடியோதான். ரேடியோ அலைக்கு வளைவு கிடையாது, நேரா மேல ஏறி வந்துடும். மிளகு வித்த காசுல தாத்தா ஒரு டிரான்சிஸ்டர் வாங்கியிருந்தார். அதுல திருச்சி வானொலியும் வரும், கடல் தாண்டி இலங்கை வானொலியும் வரும். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது இவங்க பேரையெல்லாம் தாத்தா இருந்தவரைக்கும் சொந்தக்காரங்க பேர் மாதிரிதான் சொல்லுவார். பேட்டரி தீர்ந்துட்டா தூக்கிப் போட மாட்டாங்க, வெயில்ல காய வைப்பாங்க. சூடு ஏறினா உள்ள ரியாக்‌ஷன் கொஞ்சம் வேகமாகும், இன்னும் ரெண்டு பாட்டு கிடைக்கும். நாம செமஸ்டருக்காகப் படிச்ச விஷயத்தை அவங்க பாட்டுக்காகக் கண்டுபிடிச்சிருக்காங்க.

மாமா ஒருத்தர் டேப் ரெக்கார்டர் வெச்சிருந்தார். பாட்டுப் பதிய நாமக்கல் போகணும். ஒரு பேப்பர்ல லிஸ்ட் எழுதி, கேசட் கடையில கொடுத்துட்டு வந்தா, அடுத்த தடவை பஸ் ஏறிக் கீழ போறப்போதான் கையில கிடைக்கும். 60 நிமிஷக் கேசட்ல பன்னெண்டு, பதிமூணு பாட்டுதான் பிடிக்கும். அந்தப் பன்னெண்டு எதுன்னு முடிவு பண்றதுக்குள்ள மூணு வீட்டுக்கு நடுவுல சண்டையே வந்திருக்கு. ஆயிரம் பாட்டு பிளேலிஸ்ட்ல இருந்தும் முப்பது செகண்டுல ஸ்கிப் பண்ற நமக்கு இது புரியக் கொஞ்சம் நேரமாகும்.

இதுவரைக்கும் எழுதினது நல்லாத்தான் இருக்கு, இல்ல? இப்படியே முடிச்சா இதுவும் இன்னொரு ரீல்தான். அதனால போன லீவுல ஆயாகிட்ட கேட்டேன். "ரேடியோவுல உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எது ஆயா?"

"எங்க கண்ணு கேட்டேன்? உலக்கைச் சத்தத்துல பாதிப் பாட்டுதான் காதுல விழும்."

இந்தப் பாதி எந்த நாஸ்டால்ஜியா போஸ்ட்லயும் வராது. ரேடியோவைச் சுத்தி உட்கார்ந்திருந்தது ஆம்பளைங்களும் பிள்ளைங்களும். அதே நேரம் திண்ணைக்குப் பின்னாடி சாமை குத்திக்கிட்டு இருந்தாங்க பொம்பளைங்க. சாமை உமி லேசுல போகாது. குத்தணும், புடைக்கணும், மறுபடி குத்தணும். கேழ்வரகுக்குத் திரிகை சுத்தணும். ஒரு வேளைச் சோத்துக்குப் பின்னாடி அத்தனை உழைப்பு இருந்துச்சு.

2023-ஐ ஐ.நா. சபை உலக சிறுதானிய ஆண்டா அறிவிச்சப்போ, "நம்ம பாட்டி சாப்பிட்ட சாப்பாடு"ன்னு ஊரெல்லாம் போஸ்டர். பாட்டி சாப்பிட்டது உண்மைதான். அதைச் சாப்பாடா ஆக்க அவங்க கை என்ன ஆச்சுன்னு ஒரு போஸ்டர்லயும் இல்லை. எங்க மலையில சாமை குறைஞ்சதுக்கு, ஜவ்வரிசி ஆலைக்குப் போற மரவள்ளியில காசு கிடைச்சது ஒரு காரணம், ரேஷன் அரிசி இன்னொண்ணு. இந்தக் குத்துற வேலையும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில சிறுதானியத்தைக் காப்பாத்த வேலை செஞ்சப்போ, விதையோட நிறுத்தலை. உமி நீக்கி அரைக்கிற மெஷினையும் கொண்டு வந்தாங்க. பழசைக் காப்பாத்தணும்னா அதுல இருந்த வலியைக் குறைக்கணும்னு அவங்களுக்குப் புரிஞ்சிருக்கு. இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு இது முக்கியமான பாடம்னு நினைக்கிறேன்.

'நாஸ்டால்ஜியா'ங்கிற வார்த்தையை உருவாக்கினதே நம்மள மாதிரி ஒரு ஸ்டூடன்ட்தான். 1688-இல் சுவிட்சர்லாந்துல யோகானஸ் ஹோஃபர்னு ஒரு மருத்துவ மாணவர், தன்னோட தீசிஸ்ல எழுதினார். சொந்த ஊரை விட்டுத் தூரமா இருக்கிற சுவிஸ்காரங்க ஊர் ஏக்கத்துல படுத்துடுறாங்க, இது ஒரு நோய்னு. அதாவது முதல்ல அந்த ஏக்கம் காலத்தைப் பத்தினது இல்லை, இடத்தைப் பத்தினது. கீழ ஒரு இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல் ஹாஸ்டல்ல வளர்ந்த எனக்கு இந்த அர்த்தம்தான் பொருந்துது. உங்கள்ல நிறையப் பேருக்கும் பொருந்தும்.

"அப்போ அந்தக் காலத்துல நல்லதே இல்லையா?"ன்னு நீங்க கேட்கலாம். இருந்துச்சு. எல்லாரும் சேர்ந்து கேட்டாங்க, சேர்ந்து காத்திருந்தாங்க. ஆனா அது குணத்தால வந்தது இல்லை, இருபது வீட்டுக்கு ஒரு பெட்டி இருந்ததால வந்தது. பற்றாக்குறையைக் கொண்டாட வேண்டியதில்லை. இன்னைக்கு ஹாஸ்டல்ல ஆளுக்கு ஒரு போன் இருக்கு. இருந்தும் சிஎஸ்கே மேட்ச்னா ஒரே லேப்டாப் முன்னாடி எட்டுப் பேர் நெருக்கிக்கிட்டு உட்காருறோம். யாரும் கட்டாயப்படுத்தலை, நாமளே உட்காருறோம். அவங்களுக்கு வேற வழி இல்லாம கிடைச்சதை நாம விரும்பித் தேர்ந்தெடுக்கலாம். உலக்கையை விட்டுட்டு ரேடியோவை மட்டும் எடுத்துக்கிற வசதி நம்ம தலைமுறைக்குத்தான் இருக்கு.

அதனால இந்த செமஸ்டர் லீவுக்கு ஒரு வேலை. வீட்டுல போய் "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?"ன்னு பொதுவா கேட்காதீங்க. "அதெல்லாம் பொற்காலம்"னு டெம்ப்ளேட் பதில்தான் வரும். நம்ம வீட்டுக்கு முதல் ரேடியோ, முதல் டிவி எப்போ வந்துச்சு? எதை வித்து வாங்கினாங்க? அது ஓடுறப்போ நீங்க என்ன வேலை பார்த்துட்டு இருந்தீங்க? இந்த மூணையும் கேளுங்க, முக்கியமா பாட்டிகிட்ட, அம்மாகிட்ட. போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. பத்து நிமிஷம் போதும்.

தாத்தாகிட்ட கேட்க வேண்டிய கேள்விகளுக்கு இனிமே பதில் கிடையாது. ஆயாவுக்கு இப்போ ஒரு காது சரியா கேட்கலை. கேள்வியை ரெண்டு தடவை சத்தமா கேட்கணும். ஆனா பதில் முழுசா வருது.