பழுதுகளின் பொதுக் கணக்கு

புதிய கண்டுபிடிப்பு என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரம் பெரும்பாலும் ஒன்றுதான். தனியறையில் ஒரு மேதை. அவர் மூளையில் ஒரு மின்னல். வெளியே அவருக்காகப் பணப்பையுடன் காத்திருக்கும் ஒரு புரவலர். தூய ஆற்றல் பற்றி இன்று நிகழும் பேச்சுகளிலும் இச்சித்திரமே ஆட்சி செய்கிறது. புவி வெப்பமாகிறது, ஆகவே மகத்தான யோசனை ஒன்று வேண்டும், ஆகவே அதை ஈன்றெடுக்கப் பெருநிதி வேண்டும் என்கிறார்கள். பெருநிதி வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நிதி எதற்குத் தரப்படுகிறது, கற்றது யாருக்குச் சொந்தமாகிறது என்ற இரு கேள்விகளையும் தவிர்த்துவிட்டு நிதியைப் பற்றி மட்டும் பேசுவதில் பொருளில்லை. காற்றாலையின் வரலாற்றை, குறிப்பாக டென்மார்க்கின் வரலாற்றை, இக்கேள்விகளுடன் வாசிப்பது பயனுள்ளது என்று நினைக்கிறோம்.

அவ்வரலாறு ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது. அஸ்கோவ் என்னும் சிற்றூரில், உழவர் வீட்டு இளைஞர்களுக்காக நடத்தப்பட்ட மக்கள் உயர்கல்விப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் போல் லா குர். 1891இல் அரசின் சிறு உதவியுடன் அங்கே ஒரு சோதனைக் காற்றாலையை நிறுவினார். காற்று எப்போதும் வீசாது என்பதால், அது தரும் மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பகுத்து ஹைட்ரஜனைச் சேமித்து, அவ்வாயுவால் பள்ளியின் விளக்குகளை எரித்தார். சிறு காற்றுச் சுரங்கங்களை அமைத்து இறக்கைகளின் வடிவத்தை ஆராய்ந்தவர், பல இறக்கைகள் மெல்லச் சுழல்வதைவிடச் சில இறக்கைகள் வேகமாகச் சுழல்வதே அதிக ஆற்றலைத் தரும் என்று கண்டார். தன் சோதனை முடிவுகளை 1900இலும் 1903இலும் நூல்களாக வெளியிட்டார். 1904 முதல் கிராமத்து இளைஞர்களுக்குக் காற்று மின்சாரப் பயிற்சி வகுப்புகளை நடத்தினார். நாட்டுப்புற மக்களுக்கு மின்சாரம் கிடைக்க வேண்டும் என்பது அவர் கனவு. அறிவைப் பங்கிடுவது அக்கனவின் ஒரு பகுதியாகவே அவருக்கு இருந்தது.

அந்த முதல் வகுப்பில் அமர்ந்திருந்த இளைஞர்களில் ஒருவர் யோஹான்னஸ் யூல். சுமார் அரை நூற்றாண்டுக்குப் பிறகு, ஒரு மின்நிறுவனத்தில் பணியாற்றியபடியே, அமெரிக்க மார்ஷல் திட்ட உதவியும் சேர, கெட்சர் என்னும் கடலோர ஊரில் 1957இல் 200 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவி இயக்கினார். மூன்று இறக்கைகள், காற்றை எதிர்நோக்கிய சுழலி, மின்கட்டத்துடன் நேரே இணையும் எளிய ஜெனரேட்டர், வேகம் மிஞ்சினால் தாமாகவே திரும்பி வேகத்தைத் தடுக்கும் இறக்கை முனைகள். பெரிய பராமரிப்பு ஏதுமின்றி அது பத்தாண்டுகள் ஓடியது. எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலம் அது. காற்று மின்சாரம் கட்டுப்படியாகாது என்று கணக்கிட்டார்கள். 1967இல் ஆலை நின்றது. யோசனை தோற்கவில்லை, அதற்குரிய காலம் வரவில்லை, அவ்வளவே. ஆயினும் அது அழியாமல் எஞ்சியதற்குக் காரணம் உண்டு. அதன் அமைப்பும் செயல்பாடும் பதிவு செய்யப்பட்டிருந்தன. கோபுரமும் இடிக்கப்படாமல் நின்றது.

1973இன் எண்ணெய் நெருக்கடி டென்மார்க்கை உலுக்கியது. தன் ஆற்றல் தேவையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்குக்கு இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்த நாடு அது. அரசின் வல்லுநர்கள் அணுமின்சாரத்தை நோக்கித் திரும்பினார்கள். வேறு சிலரோ கெட்சரின் வரைபடங்களை நோக்கித் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்டியன் ரீசாகர் என்னும் தச்சர். யூலின் வடிவத்தைச் சிறிதாக்கி, சந்தையில் கிடைத்த உதிரிபாகங்களைக் கோத்து, 22 கிலோவாட் ஆலையொன்றை உருவாக்கினார். முதலில் அனுமதிகூடக் கேளாமல் அதை மின்கட்டத்துடன் இணைத்துப் பார்த்தார். ட்வின் என்னும் இடத்துப் பள்ளியில் ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களுமாகச் சேர்ந்து, 1975 முதல் 1978 வரை உழைத்து, 54 மீட்டர் விட்டமுள்ள சுழலியுடன் அந்நாளின் மிகப் பெரிய காற்றாலைகளில் ஒன்றைத் தம் கைகளால் கட்டி முடித்தார்கள். அது இன்னும் அங்கே நிற்கிறது.

இவர்கள் ஒருவரையொருவர் எப்படி அறிந்தார்கள், எப்படிக் கற்றார்கள் என்பதே நம் கவனத்திற்குரியது. 'காற்றுச் சந்திப்புகள்' என்ற பெயரில் கொல்லரும் தச்சரும் உழவரும் பொறியாளரும் அவ்வப்போது கூடினார்கள். எந்த இறக்கை எங்கே விரிசல் விட்டது, எந்தப் பற்சக்கரப் பெட்டி எத்தனை மாதத்தில் தேய்ந்தது என்று பேசினார்கள். 1978இல் காற்றாலை உரிமையாளர்களின் சங்கம் உருவானது. 'இயற்கை ஆற்றல்' என்று பொருள்படும் 'நட்டூர்லி எனர்கி' என்ற இதழ், உறுப்பினர்களின் ஆலைகள் மாதந்தோறும் எவ்வளவு மின்சாரம் தந்தன, எவை பழுதாயின என்பதைப் பெயர் சொல்லி அச்சிட்டது. வாங்க நினைப்பவர் விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை. இதழைப் புரட்டினால் போதும். செய்பவரும் தன் பழுதை ஒளிக்க முடியாது. அடுத்தவர் பழுதிலிருந்து கற்காமல் இருக்கவும் முடியாது.

சிறுபத்திரிகை மரபில் வளர்ந்த நமக்கு இது அந்நியமான காட்சியல்ல. சில நூறு பிரதிகள் அச்சான இதழ்களில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் தயவு தாட்சண்யமின்றி விமர்சித்து, அதன் வழியே ஒரு மொழியின் நவீன இலக்கியம் உருவானதை நாம் அறிவோம். அங்கே நிகழ்ந்ததும் ஏறத்தாழ அதுவே. அவர்கள் விமர்சித்தது கவிதைகளை அல்ல, இறக்கைகளை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: மோசமான கவிதை யார் தலையிலும் விழுவதில்லை.

விழுந்த இறக்கைகளும் உண்டு. தொடக்ககாலத்தில் புயற்காற்றில் பிரேக் பழுதாகிச் சுழலி கட்டுமீறி ஓடிய நிகழ்வுகள் நேர்ந்தன. அச்சிறு உற்பத்தியாளர்களுக்கெல்லாம் இறக்கை செய்து தந்தவர் எரிக் குரோவ் நீல்சன். தன் விற்பனையை நிறுத்திவைத்து, திரும்பும் முனைத்தடுப்பை உருவாக்கிய பிறகே மீண்டும் விற்கத் தொடங்கினார். யூல் இருபதாண்டுகளுக்கு முன் கெட்சரில் கையாண்ட அதே உத்தி. ஒளிக்கப்படாத யோசனை தனக்குரிய நேரத்தில் திரும்பிவரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நாம் அறியோம்.

இதே ஆண்டுகளில் பெருநிதி வேறிடங்களில் பாய்ந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் நாசாவின் மேற்பார்வையில் விமான நிறுவனங்களும் கனரகத் தொழில் நிறுவனங்களும் வரிசையாக மாபெரும் காற்றாலைகளைக் கட்டின. 1979இல் 2 மெகாவாட், பின்னர் 2.5 மெகாவாட், 1987இல் ஹவாய் தீவில் 3.2 மெகாவாட். மேற்கு ஜெர்மனி 1983இல் குரோவியான் என்ற 3 மெகாவாட் ராட்சதனை நிறுத்தியது; நூறு மீட்டர் விட்டமுள்ள சுழலி. சில நூறு மணி நேரமே ஓடிய அது 1987இல் கைவிடப்பட்டது. அமெரிக்க ராட்சதர்களில் ஒன்றுகூட வணிகச் சந்தையை நிலையாக எட்டவில்லை. டென்மார்க் செலவிட்ட ஆய்வுப் பணம் அமெரிக்கா செலவிட்டதில் மிகச் சிறு பகுதி. ஆனால் உலகச் சந்தையை வென்றது தச்சரின் வழிவந்த மூன்றிறக்கை ஆலைதான். இவ்விரு பாதைகளையும் ஒப்பிட்டு 2003இல் ரகு கருட், பீட்டர் கார்னோ ஆகிய ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. ஒன்று ஒரே பாய்ச்சலில் உச்சியை எட்ட முயன்றது. மற்றது கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஒட்டி ஒட்டி முன்னேறியது என்பது அவர்கள் முடிவின் சாரம். ராட்சதர்களைக் கட்டிய பொறியாளர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒற்றைப் பிரதியாக இருந்ததால் தவறிலிருந்து கற்க அவர்களுக்கு இரண்டாம் வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது. 22 கிலோவாட் ஆலை உடைந்தால் அடுத்த மாதமே திருத்திய வடிவம் எழுந்துவிடும்.

இதை வைத்து, அரசு ஒதுங்கி நின்றால் மக்களே சாதிப்பார்கள் என்று யாரேனும் முடிவுகட்டினால் அது பிழையான வாசிப்பு. டேனிஷ் அரசு ஒதுங்கி நிற்கவில்லை. 1978இல் ரிசோ ஆய்வு மையத்தில் ஒரு சோதனை நிலையத்தை அமைத்தது. 1979 முதல் காற்றாலை வாங்குவோருக்கு முதலீட்டில் 30 சதவீதம் மானியம் தந்தது. ஆனால் ரிசோவின் ஒப்புதல் பெற்ற ஆலைக்கு மட்டும். இந்த ஒற்றை நிபந்தனை செய்த வேலை பெரிது. ஒவ்வொரு உற்பத்தியாளரும் தன் ஆலையுடன் ரிசோவுக்கு வந்தாக வேண்டும். அங்கே கற்றது அனைவருக்கும் உரிய பாதுகாப்பு விதியாக மாறும். தொழில் காலூன்றக் காலூன்ற மானியம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 1989இல் நிறுத்தப்பட்டது. இன்னொரு பக்கம், அண்டை அயலார் சேர்ந்து ஆலை வாங்கும் கூட்டுறவுகள் பெருகின. 2000இல் கோபன்ஹேகன் துறைமுகத்திற்கு வெளியே கடலில் எழுந்த மிடல்குருண்டன் காற்றாலைத் தொகுப்பில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பங்காளர்களைக் கொண்ட ஒரு கூட்டுறவுக்குச் சொந்தமாக இருந்தது. தன் பணம் சுழல்வதைச் சன்னல் வழியே பார்ப்பவர் அது நின்றால் ஏன் என்று கேட்பார். அக்கேள்வியும் ஒருவகை முதலீடுதான்.

பணத்தைத் தவறாகத் தரும் வழிக்கும் உதாரணம் இருக்கிறது. 1980களின் முற்பாதியில் கலிபோர்னியாவில் வரிச்சலுகை, ஆலையின் விலையை வைத்துத் தரப்பட்டது. அது தரும் மின்சாரத்தை வைத்தல்ல. வரி மிச்சத்துக்காகவே எழுந்த ஆலைகள் பல விரைவிலேயே பழுதாகி நின்றன. 1985இன் இறுதியில் கூட்டரசின் சலுகை முடிந்ததும் சந்தை சரிந்தது. அங்கே ஏற்றுமதி செய்துவந்த டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனமே 1986இல் நொடித்து, மறுசீரமைப்புக்குப் பிறகே மீண்டது. நமக்கும் இதில் பங்குண்டு. 1990களில் இந்தியாவில் தரப்பட்ட நூறு சதவீத விரைவுத் தேய்மானச் சலுகையும் அதே தர்க்கத்தில் அமைந்ததுதான். காற்றைவிட வருமான வரிக் கணக்கையே நோக்கி நிறுத்தப்பட்ட ஆலைகள் நம்மிடமும் இருந்தன. உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஊக்கத்தொகை என்ற திட்டம் இங்கே வர 2009 ஆயிற்று.

டேனிஷ் கதையை நாம் காவியமாக்குகிறோம் என்று ஒரு மறுப்பு எழலாம். அந்தச் சமத்துவமான பகிர்வு நிலைக்கவில்லை என்பது உண்மையே. ஆலைகள் பெரிதாயின, நிறுவனங்கள் பெரிதாயின, காப்புரிமைகள் வந்தன, கதவுகள் சாத்தப்பட்டன. கென்டெக் என்ற அமெரிக்க நிறுவனம், மாறுவேக ஆலைக்கான தன் காப்புரிமையைக் காட்டி, ஜெர்மனியின் எனர்கான் நிறுவனத்தை 1990களில் அமெரிக்கச் சந்தையிலிருந்தே விலக்கிவைத்தது. அந்தக் கென்டெக் 1996இல் திவாலானது. ஆனால் காப்புரிமை திவாலாகவில்லை. கைமாறிக் கைமாறி வேறு நிறுவனங்களைச் சென்றடைந்து, தொடர்ந்து வேலியாக நின்றது. கோடிக்கணக்கில் முதலிட்டவர் தன் உழைப்பின் பலனைக் காக்க விரும்புவது இயல்பு. அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் தனியுடைமையாக வேண்டியது எது, பொதுவாக இருக்க வேண்டியது எது என்ற கோட்டைப் பொதுப்பணம் தருபவர் வரையலாம். சோதனை விதிகள், காற்றின் அளவீடுகள், பழுதுகளின் வரலாறு ஆகியவை பொதுவாக இருந்தால் எந்த நிறுவனமும் அழிந்துவிடாது. ரிசோவில் உருவாகி 1989இல் வெளியான ஐரோப்பியக் காற்று வரைபடத் தொகுப்பு எந்த ஒரு நிறுவனத்தின் ரகசியமாகவும் இருக்கவில்லை. எல்லா நிறுவனங்களும் அதனால் வாழ்ந்தன.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு டென்மார்க்கைப் பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும்? ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றில் முப்பந்தலிலும், வடக்கே கயத்தாற்றிலும் 1990ஐ ஒட்டி எழுந்த முன்னோடிக் காற்றாலைகளில் டேனிஷ் அரசின் உதவியால் வந்தவையும் உண்டு. 1998இல் சென்னையில் தொடங்கப்பட்டு இன்று தேசிய காற்றாற்றல் நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் மையத்தின் கயத்தாறு சோதனை நிலையமும் ரிசோவின் தொழில்நுட்பத் துணையுடன் அமைந்ததே. அஸ்கோவ் வகுப்பறையிலிருந்து புறப்பட்ட ஒரு சரடு நம் பனங்காடுகள் வரை நீண்டிருக்கிறது. இயந்திரம் வந்தது, சோதனை நிலையம் வந்தது. அந்த இதழும் அந்தச் சந்திப்புகளும் அதே வலுவுடன் வந்தனவா என்பதே நம் கேள்வி.

இது இப்போது கேட்கப்பட வேண்டிய கேள்வி. தமிழ்நாட்டின் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துவிட்டது. முதல் தலைமுறை ஆலைகள் முதுமையடைந்துவிட்டன. அவற்றை மாற்றவும் புதுப்பிக்கவும் மாநில அரசு 2024இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தென்மேற்குப் பருவக்காற்றில், உப்பிலும் புழுதியிலும் ஓடிய ஆயிரக்கணக்கான இயந்திரங்களின் அனுபவம் அங்கே கிடக்கிறது. எந்த இறக்கை எப்போது தேய்ந்தது, எந்தப் பற்சக்கரம் எந்த மாதத்தில் உடைந்தது என்ற அறிவு, கோபுரம் ஏறி இறங்கிய தொழிலாளர்களின் நினைவிலும் பராமரிப்பு நிறுவனங்களின் கோப்புகளிலும் இருக்கிறது. பழைய ஆலை இரும்பு விலைக்குப் போகும்போது அந்த அறிவும் உடன் போய்விடும்.

நாம் கேட்பது பெரிய தொகை எதையும் அல்ல. வரிச்சலுகையோ மானியமோ பெற்ற ஒவ்வொரு ஆலையின் மாத உற்பத்தியும் பழுதும் எவரும் படிக்கும்படி, தமிழிலும், வெளியாகட்டும். பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வின் தோல்விகள் வெற்றிகளுக்கு நிகரான மதிப்புடன் அச்சாகட்டும். புதிய யோசனையுடன் வருபவரிடம் அதன் உச்ச அளவு என்ன என்பதற்கு முன்பாக, அதன் மிகச் சிறிய வடிவம் என்ன, அது உடைந்தால் எத்தனை நாளில் திருத்துவீர்கள் என்று கேட்கப்படட்டும். உதவி, நட்டதற்குத் தராமல் விளைந்ததற்குத் தரப்படட்டும். இன்று டென்மார்க் தன் மின்சாரத்தில் ஏறத்தாழ பாதியைக் காற்றிலிருந்து பெறுகிறது. அதன் அடியில் இருப்பவற்றுள் ஒன்று, தங்கள் ஆலை எந்த மாதம் ஓடவில்லை என்பதை வெட்கமின்றி அச்சிட்ட ஒரு சிற்றிதழ்.