ஒளிந்திருந்தால் பிடியாணை ஆறாது!



"கொஞ்ச நாளைக்குக் கொழும்புப் பக்கம் போய் இரு, எல்லாம் ஆறிப்போகும்." நீதிமன்றத் தவணையைத் தவறவிட்டவருக்கு லயத்தில் கிடைக்கும் முதல் ஆலோசனை இதுதான். சொல்பவர் சொந்தக்காரராக இருக்கலாம், தோட்டத் தலைவராகவும் இருக்கலாம். யார் சொன்னாலும் இது குடும்பத்தைக் கெடுக்கும் ஆலோசனை.

பிடியாணை தானாக ஆறாது. அது நிறைவேற்றப்படும் வரை, அல்லது பிறப்பித்த நீதிமன்றமே அதை இரத்துச் செய்யும் வரை உயிரோடு இருக்கும். வீதித்தடையில் அடையாள அட்டையைக் காட்டும்போது அது வெளியே வரலாம். வெளிநாட்டு வேலைக்காகப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும்போதும் வரலாம். வெள்ளிக்கிழமை மாலையில் பிடிபட்டால் சனியும் ஞாயிறும் கம்பிக்குள் கழியலாம். தண்டப்பணத்தோடு முடிந்திருக்கக்கூடிய சின்ன வழக்கு இப்படித்தான் விளக்கமறியல் வரை போகிறது.

ஒளிந்தவரோடு மட்டும் இது முடிவதில்லை. உங்களை நம்பிக் கையெழுத்துப் போட்ட பிணையாளர் யார்? பக்கத்து லயத்து அண்ணன், அல்லது உங்கள் மாமா. நீங்கள் வராவிட்டால் நீதிமன்றம் அவரை அழைத்துப் பிணைத்தொகையைக் கட்டச் சொல்லலாம்.

"ஸ்டேசனில் ஆள் இருக்கிறது, காசு கொடுத்தால் வாரண்டை வெட்டிவிடலாம்" என்று வருபவர்களையும் நம்பாதீர்கள். பிடியாணையை இரத்துச் செய்யும் அதிகாரம் பொலிஸாருக்கு இல்லை. கொடுத்த காசு போகும், பிடியாணை இருக்கும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவர்கள் பிடிக்கும் முன் நாமே போக வேண்டும். வழக்கு இலக்கத்தைத் தேடி எடுங்கள். சட்டத்தரணி ஒருவர் மூலம் நகர்த்தல் பத்திரம் தாக்கல் செய்து, வேலை நாளில் காலையிலேயே நீதவான் முன் சரணடையுங்கள். வராததற்குக் காரணம் நோய் என்றால் வைத்தியச் சான்றிதழ், வீட்டில் சாவு என்றால் மரணச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். பிணையாளர்களையும், அவர்களுக்கான கிராம உத்தியோகத்தர் சான்றிதழையும் தயார் செய்துகொண்டு போங்கள். பிணை கிடைத்தே தீரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் தானாக வந்தவரையும் பிடித்து வரப்பட்டவரையும் நீதிமன்றம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்களுக்காகவே 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் கதவைத் தட்டுங்கள்.

இவ்வளவும் நம் கடமை. ஆனால் குற்றம் முழுவதையும் தொழிலாளி தலையில் கட்டுபவர்களிடம் சில கேள்விகள் உண்டு. வீட்டு இலக்கம் இல்லாத லயத்துக்கு வரும் கடிதம் தோட்டத்து ஆபீசில் எத்தனை நாள் கிடக்கிறது? சிங்களத்தில் மட்டும் எழுதிய அழைப்பாணையை அந்த அம்மா எப்படி வாசிப்பார்? கூண்டில் நின்றவருக்கு அடுத்த தவணைத் திகதியைத் தமிழில் சொன்னது யார்? நீதிமன்ற மொழி விளங்காதவருக்கு அரசே மொழிபெயர்ப்பு வழங்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரை சொல்கிறது. இது சலுகை அல்ல, உரிமை. திகதி விளங்காவிட்டால் கூண்டில் நின்றபடியே தமிழில் கேளுங்கள். விளங்கும் வரை கேளுங்கள்.

ஒரு நாள் பேர் போய்விடும் என்று பயந்து தவணைக்குப் போகாதவர்களும் உண்டு. ஒரு நாள் பேரைக் காப்பாற்றப் போய் ஒரு மாதப் பேரை இழக்காதீர்கள்!

நாம் கேட்பது இவை: அழைப்பாணையும் தவணைத் திகதியும் தமிழிலும் எழுத்தில் தரப்பட வேண்டும். தோட்ட நிர்வாகம் கடிதங்களை வந்த அன்றே உரியவர் கையில் சேர்க்க வேண்டும். தவணை நாளில் வேலைக்கு வராததைக் காரணம் காட்டி எவரையும் தண்டிக்கக் கூடாது. நம் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது: ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் அங்கத்தவர்களின் தவணைத் திகதிகளை ஒரு கொப்பியில் குறித்து, முதல் நாள் மாலையே ஞாபகப்படுத்த வேண்டும்; தனியாகப் போகப் பயப்படுபவரோடு ஒருவர் துணைக்குப் போக வேண்டும்.

உங்கள் பெயரில் பிடியாணை இருக்கிறதா? இந்தக் கிழமையே மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள். ஓட வேண்டாம், சேர்ந்து போவோம்.